மிதித்த காலை எடுக்காதீர்கள்: பிரேக், அடாஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

புதிய கார்களின் பாதுகாப்பு வசதிகளைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரேக்கையும், கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் அடாஸ் வசதிகளையும் சுற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் சாலையின் குறுக்கே நாய் ஓடியதால் பிரேக்கைப் பலமாக மிதித்தேன். பெடல் கடகடவென்று அதிர்ந்து என் காலையே திருப்பித் தள்ளியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். முன்னால் நின்ற டிராக்டரில் மோதாமல் மயிரிழையில் தப்பினேன். வண்டியில் கோளாறா? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.
— வாசகர், திண்டுக்கல்

கோளாறு எதுவும் இல்லை. உங்கள் காரின் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நீங்கள்தான் பாதியில் அதை நிறுத்திவிட்டீர்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. பலமாக மிதிக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுச் சறுக்கத் தொடங்கினால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஏபிஎஸ் ஒரு கணம் குறைத்து, சக்கரம் மீண்டும் சுழன்றதும் கூட்டுகிறது. இது ஒரு நொடிக்குள் பல முறை நடப்பதால்தான் பெடலில் அந்த அதிர்வும் சத்தமும் வருகின்றன.

விட்டுவிட்டு மிதிப்பது ஏபிஎஸ் இல்லாத காலத்தின் பாடம். நான் ஓட்டக் கற்றுக்கொண்ட அம்பாசடரில் அது சரியான பாடமாகவே இருந்தது, ஏனென்றால் சக்கரம் பூட்டிக்கொண்டால் அதை விடுவிக்க ஓட்டுநரின் காலைத் தவிர வேறு வழியில்லை. மின்னணு ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து எஸ்-கிளாஸ் காரில் கொண்டுவந்தது 1978-இல். நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நம் பயிற்சிப் பள்ளிகளின் பாடம் மட்டும் மாறவில்லை என்பது என் வருத்தம்.

ஏபிஎஸ் உள்ள காரில் செய்ய வேண்டியது இதுதான்: பிரேக்கை உங்களால் முடிந்த அளவு ஆழமாக மிதியுங்கள், கியர் வண்டியாக இருந்தால் க்ளட்ச்சையும் சேர்த்து மிதியுங்கள், பெடல் எவ்வளவு அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள், கண்ணைத் தடையின் மேல் பதிக்காமல் காலியாக இருக்கும் பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பூட்டிக்கொண்ட முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம்தான் திரும்பும். ஆகவே ஏபிஎஸ்ஸின் பெரிய பயன், பிரேக் பிடித்துக்கொண்டே விலகிப்போக முடிவதுதான். நிற்கும் தூரத்தை அது எல்லா இடத்திலும் குறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தளர்ந்த சரளையிலும் மணலிலும் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு விரைவாக நின்றுவிடும். அங்கே ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுத் தள்ளியே நிற்கும்.

ஒரு மழை நாளில், ஆளில்லாத திறந்த மைதானத்தில், 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று இரண்டு மூன்று முறை முழு பலத்துடன் மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வைக் கால் ஒருமுறை அறிந்துகொண்டால் அடுத்த முறை பயந்து விலகாது.

என் கணவர் காரில் ஏபிஎஸ், ஈபிடி, ஈஎஸ்சி என்று எல்லாம் இருப்பதால் முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நீளம் இடைவெளி போதும் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரிதானா?
— வாசகி, தாம்பரம்

சரியல்ல. இந்தக் கருவிகள் எல்லாம் டயருக்கும் சாலைக்கும் இடையில் இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுப்பவை. புதிதாகப் பிடிப்பை உண்டாக்குபவை அல்ல. ஈபிடி என்பது சுமைக்கு ஏற்ப முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரிக்கிறது. ஈஎஸ்சி என்பது நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய திசையில் வண்டி போகாமல் பக்கவாட்டில் சறுக்கும்போது, குறிப்பிட்ட ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்துகிறது. இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் வழுக்கும் சாலையில் தேய்ந்த டயரோடு போகும் வண்டிக்கு, பங்கிடுவதற்கே ஒன்றும் இருக்காது.

கணக்கைக் கணவரிடம் காட்டுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்கு வருவதற்கு விழிப்பான ஓட்டுநருக்கும் ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் போய்விட்ட தூரம் ஐந்து கார்களின் நீளத்துக்குச் சமம். அதற்குப் பிறகு, காய்ந்த நல்ல சாலையில் முழு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர் அளவில் வேண்டும். மழையில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் இந்த 35 மீட்டர் 70 ஆகிவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மீட்டருக்குள் நிற்கும் அதே கார்தான் 80-இல் 35 மீட்டர் கேட்கிறது.

முன்னால் செல்லும் வண்டியும் உடனே கல்லாக நின்றுவிடாது, அதுவும் சற்றுத் தூரம் ஓடித்தானே நிற்கும் என்று அவர் வாதிடலாம். பெரும்பாலும் உண்மைதான், அந்த வண்டி நின்றிருக்கும் லாரியின் மேல் மோதாத வரையில் உண்மை. முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ மரத்தையோ கடக்கும்போது "நூற்று ஒன்று, நூற்று இரண்டு, நூற்று மூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உங்கள் கார் அந்த இடத்தைத் தொட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் இன்னும் இரண்டு எண்ணிக்கை கூட்டுங்கள்.

இடைவெளி விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார் என்பது எல்லோரும் சொல்லும் மறுப்பு. நுழையட்டும். நீங்கள் மீண்டும் சற்றுப் பின்தங்க இரண்டு மூன்று நொடி ஆகும். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போவதற்குள் இருபது பேர் அப்படி நுழைந்தாலும் நீங்கள் இழப்பது ஒரு நிமிடம்.

டயரைப் பற்றி ஒரு வரி: பள்ளங்களுக்குள் சிறு மேடுகளாகத் தெரியும் தேய்மான அடையாளத்தோடு டயரின் மேற்பரப்பு சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மீதமிருக்கிறது. அது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை, மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

அடாஸ் உள்ள கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சேலம் சாலையில் இருசக்கர வாகனம் ஒன்று குறுக்கே புகுந்தபோது கார் தானாகவே பிரேக் பிடித்தது. பின்னால் வந்த லாரி மோதாதது கடவுள் புண்ணியம். இதை அணைத்து வைத்துவிடலாமா? இரவில் மாடு நின்றால் நிற்குமா?
— வாசகர், கோவை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நிற்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள்.

தானியங்கி அவசர பிரேக்கின் கண்கள் பொதுவாக இரண்டு. உள்பக்கக் கண்ணாடிக்கு அருகில், முன்கண்ணாடியின் பின்னால் இருக்கும் கேமரா ஒன்று. பம்பருக்குள்ளோ முன்புறச் சின்னத்துக்குப் பின்னாலோ இருக்கும் ரேடார் மற்றொன்று. சில கார்களில் கேமரா மட்டுமே இருக்கும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கணினி, தனக்குக் கற்பிக்கப்பட்ட உருவங்களைத்தான் அடையாளம் காணும்: காரின் பின்புறம், லாரியின் பின்புறம், நடந்து செல்பவர், மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்பவர். இருட்டில் படுத்திருக்கும் எருமை, விளக்கில்லாத மாட்டு வண்டி, நாலா பக்கமும் வைக்கோல் பிதுங்கி நிற்கும் டிராக்டர், நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வரும் ஆட்டோ, பாதிச் சாலையை அடைத்துப் போட்ட இரும்புத் தடுப்பு ஆகியவை நம் ஊரில் அன்றாடக் காட்சிகள். அந்தக் கணினிக்கு அவை குழப்பமான காட்சிகள். கனமழையும் எதிரே விழும் காலை வெயிலும் அதன் பார்வையை மேலும் மங்கச் செய்யும்.

ரேடாருக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. சாலையோரப் பலகை, பாலத்தின் இரும்பு, பாதாளச் சாக்கடை மூடி என்று அசையாமல் இருக்கும் எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வருவதால், அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓட்டவே முடியாது. எனவே நெடுஞ்சாலை வேகத்தில், அசையாத பொருளின் எதிரொலிக்குப் பல கருவிகள் குறைந்த மதிப்பே கொடுக்கின்றன. காரோடு வந்த கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கையேடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடப்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்க்கிறேன்.

இதனால் வரும் மிகக் கொடிய சூழ்நிலை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தானே கூடிக் குறையும் க்ரூஸ் வசதியைப் போட்டுவிட்டு 90 கிலோமீட்டரில் ஒரு காரைப் பின்தொடர்கிறீர்கள். அந்தக் கார் சட்டென்று பக்கத் தடத்துக்கு விலகுகிறது. அது மறைத்துக்கொண்டிருந்த, பழுதாகி நிற்கும் லாரி இப்போது உங்கள் முன்னால் நிற்கிறது. முன்வழி காலியாகிவிட்டது என்று எண்ணி உங்கள் கார் வேகத்தைக் கூட்டவும் கூடும். அந்த நொடியில் உங்கள் கால் பிரேக்குக்கு அருகில் இருக்கிறதா, தரையில் ஓய்வெடுக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம். வளைவில் முன்வண்டி பார்வையிலிருந்து நழுவும்போதும் இதே போன்ற வேகக் கூட்டல் நிகழலாம். சுங்கச்சாவடியின் தடுப்புக் கம்பை அது பார்க்கும் என்றும் எண்ண வேண்டாம். அரை கிலோமீட்டர் முன்பே க்ரூஸை விடுவித்துவிடுங்கள். ஊருக்குள்ளும் சந்தை நெரிசலிலும் அதைப் போடவே போடாதீர்கள்.

இனி, அணைத்து வைக்கலாமா என்ற கேள்வி. க்ரூஸ் வேறு, அவசர பிரேக் வேறு. முன்னதை வேண்டும்போது மட்டும் போடுங்கள், பின்னதை அணைக்காதீர்கள். வால்வோ நிறுவனம் 2008-இல் எக்ஸ்சி60 காரில் நகர வேகத்துக்காகக் கொண்டுவந்த வசதி இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. மோதலை முழுவதும் தவிர்க்க முடியாத இடத்திலும் அது வேகத்தைக் குறைத்துவிடுகிறது. 60 கிலோமீட்டரில் மோத வேண்டிய வண்டி 30-இல் மோதினால், உடைக்கும் ஆற்றல் பாதியாக அல்ல, கால் பங்காகக் குறைகிறது. கவனம் ஒரு கணம் பிசகிய மனிதருக்கு அது உயிர் வித்தியாசம்.

உங்கள் அனுபவம் திரும்ப வராமல் இருக்க மூன்று வழி உண்டு. திரையில் உள்ள அமைப்புகளில் மோதல் எச்சரிக்கையை முன்கூட்டி, நடுத்தரம், தாமதம் என்று மாற்றலாம். நெரிசலான சாலைக்கு நடுத்தரம் பொருந்தும். முன்னிடைவெளி கூடுதலாக இருந்தால் குறுக்கே புகுபவரைக் கண்டு நீங்களே மெல்ல வேகத்தைக் குறைத்திருப்பீர்கள், கருவி அவசரப்பட்டிருக்காது. பின்னால் ஒட்டிவரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்தவுடன் இடம் கொடுத்து முன்னே அனுப்பிவிடுங்கள். அதன் பிரேக் உங்கள் பிரேக் அல்ல. கார் தேவையின்றி பிரேக் பிடிப்பது உறுதியாகத் தெரிந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் அது விட்டுக்கொடுக்கும்.

விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்லும் "லெவல் 2" என்பதன் பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள். பூஜ்யம் முதல் ஐந்து வரையுள்ள அந்த வரிசையில் இரண்டாம் நிலை என்பது, காரை ஓட்டுபவர் நீங்கள், கருவி உதவியாளர் என்பதுதான். ஸ்டியரிங்கில் கை இருப்பதாகக் கருவியை ஏமாற்றத் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடும் காணொளிகளைச் சிலர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களோடு நான் பயணம் செய்ய மாட்டேன்.

ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வைத்து மாலை சாத்தினோம். கிளம்பியதும் "முன்புற சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்று திரையில் வந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா?
— வாசகி, கும்பகோணம்

வேண்டாம், ஈரத்துணி போதும். முன்புறச் சின்னத்தின் மேல் அப்பிய சந்தனமும், அதை மூடித் தொங்கிய மாலையும் ரேடாரை மறைத்திருக்கும். மாலையை வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். பொட்டைப் பானெட்டின் மேல் வையுங்கள். முன்கண்ணாடியின் மேல்பகுதி நடுவில், கேமரா பார்க்கும் இடத்தில், குங்குமமோ சாமி ஸ்டிக்கரோ வேண்டாம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதில் எந்தக் கருவிக்கும் ஆட்சேபம் இல்லை.

இதைவிட முக்கியமானது, முன்கண்ணாடியை மாற்றினாலும் பம்பரைக் கழற்றி மாட்டினாலும் கேமராவையும் ரேடாரையும் மீண்டும் அளவுபடுத்த வேண்டும் என்பது. பார்வை ஒரு டிகிரி விலகினால் நூறு மீட்டருக்கு அப்பால் அது ஒன்றே முக்கால் மீட்டர் விலகல். அடுத்த தடத்தில் போகும் வண்டியை உங்கள் தடத்தில் இருப்பதாக எண்ண அது போதும். காப்பீட்டில் கண்ணாடி மாற்றும்போது அளவுபடுத்தியதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்புறம் மாட்டும் இரும்புக் கம்பிக் காவலை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை வந்தது. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தது. நண்பர் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்றதால் அப்படித்தான் இறங்கினேன். அதுதான் காரணமா?
— வாசகர், பொள்ளாச்சி

அதுவேதான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் காரின் முழு எடையையும் பிரேக் பேடுகள் மட்டுமே தாங்கியிருக்கின்றன. இறங்கும் வண்டியின் ஆற்றல் வெப்பமாகத்தான் மாற வேண்டும். கியரில் இருந்தால் எஞ்சின் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் எல்லாம் பேடுக்கும் டிஸ்குக்கும் போகிறது. அளவு கடந்து சூடான பேடு பிடிப்பை இழக்கிறது. அந்த வெப்பம் பிரேக் ஆயிலுக்கு ஏறினால் அது கொதித்துக் குமிழி விடுகிறது. குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர விசையைக் கடத்தாது, பெடல் அமிழ்வது அதனால்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கான எல்லை 155 டிகிரிதான். பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மலைக்குப் போகுமுன் எஞ்சின் ஆயிலை விசாரிக்கும் நாம் இதை விசாரிப்பதில்லை.

டீசல் மிச்சம் என்பதும் தவறான கணக்கு. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் போவதே நிறுத்தப்படுகிறது. சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள்: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கின் துணைவிசை தீர்ந்து பெடல் கல்லாகும், ஸ்டியரிங் கனக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரில் எல் நிலையோ கையால் கியர் மாற்றும் நிலையோ இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். பிரேக்கை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுவியுங்கள். இடையில் டிஸ்க் ஆறட்டும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரைமணி நேரம் நில்லுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஓடும்போதே பெடல் அமிழ்ந்தால் வேகமாகப் பல முறை மிதியுங்கள் (விட்டுவிட்டு மிதிப்பதற்கு இன்றும் மிஞ்சியுள்ள இடம் இதுதான்), ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். பொத்தான் வடிவ ஹேண்ட்பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அதை விடாமல் இழுத்துப் பிடித்தால் அவசர பிரேக் வேலை செய்யும்.

மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நிற்கிறது. பிரேக் பெடலைத் தொடுவதே இல்லை. இது பழகிவிட்டால் ஆபத்தா?
— வாசகர், திருச்சி

பழகுவதில் தவறில்லை, மறந்துவிடுவதில்தான் தவறு. காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரி முழுமையாக நிரம்பியிருந்தால் அனுப்ப இடமில்லாததால் இந்த இழுவை குறைந்துவிடும். ஊட்டியில் இரவு முழுக்க நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் கீழே இறங்குபவர்கள் திடுக்கிடுவது இதனால்தான். மலைமேல் தங்கினால் கொஞ்சம் குறைவாகவே ஏற்றுங்கள். அவசரத்துக்கு இந்த இழுவை போதாது, பெடலைத்தான் மிதிக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள், பின்னால் யாரும் இல்லாதபோது பெடலால் உறுதியாக பிரேக் பிடித்தால் டிஸ்கில் ஏறிய துருவும் தேய்ந்துவிடும்.

தடம் மாறும்போது ஸ்டியரிங் என் கையோடு மல்லுக்கு நிற்கிறது.
— வாசகர், நாகர்கோவில்

இண்டிகேட்டர் போடுங்கள். போட்டால் நீங்கள் வேண்டுமென்றே மாறுகிறீர்கள் என்று, தடம் விலகாமல் காக்கும் வசதி விட்டுக்கொடுக்கும்.

ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிகிறது. அப்படியே ஓட்டலாமா? சிவப்பு பிரேக் விளக்கும் இதுவும் ஒன்றா?
— வாசகி, மதுரை

ஒன்றல்ல. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் இருக்காது. ஈஎஸ்சியும் தானியங்கி அவசர பிரேக்கும் அதே அமைப்பை நம்பியிருப்பதால் அவையும் பெரும்பாலும் இருக்காது. நிதானமாக ஓட்டி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சக்கர சென்சாரில் அழுக்கோ அறுந்த வயரோ இருக்கலாம். ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கக்கூடும். அந்த இடத்திலேயே ஒதுக்கி நிறுத்தி, வண்டியை இழுத்துச்செல்ல ஆள் அழையுங்கள்.

எந்த விளக்கும் காட்டாத ஒரு கோளாறையும் உங்கள் கடிதத்தின் கடைசி வரி நினைவுபடுத்தியது. முன்னிருக்கைக்குக் கீழே தண்ணீர் பாட்டில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பெடல் இறங்காது. இன்றே எடுத்துக் கதவுப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருக்கும் இரண்டாவது மிதியடியையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.